வாசலில் விட்ட வலி

ஊத்துமேட்டுக்காரர்கள் இன்றைக்கும் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிய வேகத்தில் உள்ளே போய்விட மாட்டார்கள். நின்று, திரும்பிப் பார்த்து, பக்கத்துச் செருப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூக்கு சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி வைத்துவிட்டு, சாட்சிக்கு யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்த பிறகுதான் படியேறுவார்கள். வெளியூர்க்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும். அவனுக்குத் தவசிமுத்து ஊசி போட்டதில்லை.

தவசிமுத்து பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தவன். ஆளாளுக்குக் கையிலிருக்கிற போனிலேயே அந்த வேலையைச் செய்துகொள்ளக் கற்றுக்கொண்ட பிறகு, ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன், மதுரைக்குச் சனி ஞாயிறு வகுப்புக்குப் போய்ப் படித்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, பழைய போர்டைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் ‘அக்குபஞ்சர் ஹீலர்’ என்று எழுதிக்கொண்டான். நாடி பார்ப்பான், கண்ணை மூடுவான், தலைமுடியை விட மெல்லிசான ஊசி ஒன்றை எடுத்துக் கணுக்காலுக்குப் பக்கத்திலோ கட்டைவிரல் இடுக்கிலோ எறும்பு கடிக்கிற அளவுக்குச் செருகுவான். கெட்டவன் இல்லை. சொல்வதைத் தானும் முழுக்க நம்பிச் சொல்கிறவன். பின்னால் வந்த வில்லங்கம் அத்தனைக்கும் அதுதான் வேர்.

ஊசி இறங்கியதும் வலி இறங்கும். ஆளின் உள்ளங்கால் வழியாகத் தரைக்கு வந்து, சிமெண்டு பூசின தரையில் ஊர்ந்து, நிலைப்படி தாண்டி, வாசலில் அவன் கழற்றி விட்ட செருப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நடந்தது அவ்வளவுதான். வந்தவன் ‘ஆகா, பூப்போல இருக்கு’ என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டுவான், மாட்டினதும் அது பழையபடி மேலே ஏறிக்கொள்ளும், கழற்றினால் மறுபடி செருப்புக்கே இறங்கும். அந்த நோவு பின்னால் கூடினாலும் குறைந்தாலும் செருப்பில்தான் தெரியும். வெறுங்காலோடு வந்தவன் பாடு யோகம்; அவன் வலி வாசலில் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, இருக்க இடமில்லாமல் வெயிலில் காய்ந்து போனது.

இது தெரியாமல் ஊர் வெகுநாள் டீக்கடையில் மல்லுக்கட்டியது. ‘ஊசி கேக்குது’ என்று ஒரு கட்சி, ‘கேக்கவே இல்ல, எல்லாம் டூப்பு’ என்று ஒரு கட்சி. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் எபனேசர் இரண்டாம் கட்சிக்குத் தலைவர். பள்ளிக்கூட ஆண்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “ஊசி குத்தினா வலி போகும்னா முள்ளம்பன்றிதான் உலகத்துலயே ஆரோக்கியமான மிருகம்” என்று பேசியவர். கைதட்டல் அடங்க நேரமானது. தவசிமுத்து முன்வரிசையில் உட்கார்ந்து அதற்கும் கைதட்டினான்.

லைன்மேன் சுப்புக்காளைதான் குட்டை உடைத்தது. முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தவர், ஊர் முழுக்க ஒரே மாதிரி நீலவார் ரப்பர் செருப்பு என்பதால், தையற்கடை லூர்தம்மாளின் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். முட்டி தேவலை. ஆனால் அடிவயிற்றை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிகிறார்கள், இடுப்பு இரண்டாகப் பிளக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. கம்பத்தில் ஏறி மின்சாரத்தோடு கைகுலுக்கிவிட்டு இறங்குகிற மனுசன், செருப்பைக்கூடக் கழற்றாமல் பாயில் இறாலைப் போலச் சுருண்டு கிடந்தார். அவர் மனைவி என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், கேட்கக் கேட்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“இது எனக்கு மாசாமாசம் வர்ற விருந்தாளில்லா. ஒங்களுக்கு எப்படி வழி தெரிஞ்சது?” என்றாள்.

அதே நேரம் லூர்தம்மாள் தையல் மிஷினை மிதிக்க முடியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு, ‘நான் எந்தக் கம்பத்துல ஏறுனேன், மாதாவே’ என்று புலம்பிக்கொண்டிருந்தாள். செருப்பு கைமாறியதும் அவரவர் வலி அவரவருக்கு வந்தது. சுப்புக்காளை அன்றிலிருந்து மாதத்தில் சில நாள் தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்க ஆரம்பித்தார். கேட்டால் உடற்பயிற்சி என்பார்.

விஷயம் வெளியே வந்த பிறகு ஊர் ஆச்சரியப்பட்டதா என்றால், இல்லை. அதற்கெல்லாம் ஊருக்கு நேரமில்லை. மறுநாளே செருப்பு வாரில் பெயின்டால் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வலியை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். தார் ரோட்டில் பாதம் பழுத்தது, அந்த எரிச்சலுக்கு மறுபடி ஊசிக்குப் போனார்கள். புதுச் செருப்பு வாங்கினவர்களைப் பழைய செருப்பு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பழையதை என்ன செய்வது? குப்பை வண்டிக்காரர் ‘ஒங்க ஒத்தத் தலைவலிய நான் ஏன் தூக்கணும்’ என்று தொட மறுத்தார். தெருநாய் ஒன்று ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடி, ஓடின இடத்தில் நின்று, சாயங்காலம் வரை தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. சிலர் ஆகாதவர்கள் வாசலில் தங்கள் செருப்பைக் கொண்டுபோய் ஜோடியாக வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபிக்கு முன்னால் பெண்ணின் செருப்பைக் கேட்டார்கள். கடைசியில் பஞ்சாயத்து கூடி, அடுத்தவர் செருப்பைத் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டு, மழையில் நனைந்தால் வலி ஊறிப் பெருத்துவிடும் என்று ஒருவர் எழுப்பின அச்சத்துக்காக, தவசிமுத்து வாசலில் தகரக் கூரையும் போட்டுக் கொடுத்தது. கூரைக்குக் கீழே செருப்புகள் வரிசை வரிசையாக, திருவிழாக் கோயில் வாசல் மாதிரி, எடுக்க ஆளில்லாமல் கிடந்தன. அந்தப் பக்கம் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

அந்த வரிசையில்தான் கொண்டல்சாமியின் செருப்பும் இருந்தது.

கொண்டல்சாமி சால்னாக்கடை பரோட்டா மாஸ்டர். அவர் மாவை வீசினால் அது காற்றில் நின்று ஒருதரம் யோசித்துவிட்டுத்தான் கல்லுக்கு இறங்கும். வலது தோளில் குடைச்சல் என்று தவசிமுத்துவிடம் போனார், வெறுங்காலோடு விசிலடித்துக்கொண்டு வீடு திரும்பினார். பரோட்டா அடிக்கிற தோள், வலிக்காமல் என்ன செய்யும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் மனைவி சீனியம்மாளும் அப்படித்தான் நினைத்தாள், அவருடைய வேட்டி இடுப்பில் நிற்காமல் இறங்க ஆரம்பிக்கும் வரைக்கும்.

முதலில் வேட்டி. பிறகு சாயங்காலமானால் மேலுக்கு ஒரு கதகதப்பு, பிறகு பல் கிட்டிக்கிற குளிர். தட்டில் பாதிச் சோறு. கன்னத்தில் பள்ளம், கண்ணில் மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு நிறம்.

“ஏங்க, ஒங்களுக்கு என்னமோ செய்யுது.”

“எனக்கு ஒண்ணும் செய்யலட்டி. எங்கயாவது வலிக்குதா? இல்ல. நோவு இல்லாதவன நோயாளின்னா எப்படி?”

சந்தோஷமாகத்தான் சொன்னார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எரிகிற வீட்டுக்குள் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவன் மாதிரி இருந்தார் மனுசன்.

இழுத்துக்கொண்டு எபனேசரிடம் போனாள். அவர் அறை வாசலில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று பெரிதாக எழுதியிருந்தது; கொண்டல்சாமிக்கு விட ஒன்றுமில்லை. டாக்டர் தோளை அழுத்தினார், முதுகைத் தட்டினார், வயிற்றை நாலு பக்கமும் அமுக்கினார். கொண்டல்சாமி கூச்சத்தில் கிளுகிளுவென்று சிரித்தார். சளி எடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், ஒன்றும் தட்டுப்படவில்லை.

“எங்கதான்யா வலிக்குது?”

“எங்கயும் இல்லைங்கய்யா. ஹீலரய்யா புண்ணியம்.”

டாக்டர் முகம் சுருங்கியது. “அப்ப அவன்கிட்டயே போ” என்று காய்ச்சல் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

அவள் தவசிமுத்துவிடமும் போனாள். அவன் கொண்டல்சாமியின் மணிக்கட்டைப் பிடித்து வெகுநேரம் கண்ணை மூடியிருந்தான். “உடம்பு கழிவத் தள்ளுது மைனி. காய்ச்சல்னா அதான். இளைச்சாலும் பயப்படாதீங்க, பசிச்சாச் சாப்பிடட்டும், தாகம் எடுத்தாத் தண்ணி குடிக்கட்டும், மாத்திர மட்டும் வேண்டாம்” என்றான். சொல்லிவிட்டு, பிடித்த மணிக்கட்டை விட மறந்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பில் அவர்கள் சொல்லிக் கொடுக்காத எதையோ அந்த நாடி சொன்னது போல இருந்தது.

கேக்குது என்கிறவன் ஒருபக்கம், கேக்காது என்கிறவர் ஒருபக்கம். நடுவில் அவள் புருஷன் நாளொரு எலும்பாக வெளியே வந்துகொண்டிருந்தார். ஒருநாள் காலை, மாவு வீசக் கையைத் தூக்கும்போது அவர் மணிக்கட்டிலிருந்து கைக்கடிகாரம் தோள்பட்டைவரை வழுக்கி இறங்கியதைப் பார்த்தவள், எழுந்து நடந்து தகரக் கூரைக்குக் கீழே வந்து நின்றாள்.

அவருடையதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வாரின் இடுக்கில் மைதா காய்ந்து போயிருந்தது, வலது குதிகால் தேய்ந்திருந்தது. தவசிமுத்து உள்ளேயிருந்து ஓடிவந்தான்.

“மைனி, தொடாதீங்க! பஞ்சாயத்துக் கட்டுப்பாடு இருக்கு!”

“எம் புருஷன் செருப்பு அடுத்தவன் செருப்பா?” என்று கேட்டுவிட்டு, தன்னுடையதைக் கழற்றாமல் வந்ததை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டு, அதை ஓரமாக உதறிவிட்டு, அவருடைய செருப்புக்குள் காலை நுழைத்தாள்.

தோள் முதலில் வந்தது; அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் தோள் வெறும் வாசல்தான். அதற்குப் பின்னால் வலது விலாவுக்கு அடியில், ஒரு சூடான செங்கல்லை யாரோ செருகி வைத்து அதன்மேல் ஏறி நிற்கிற மாதிரி ஒன்று இருந்தது. மூச்சை இழுத்தால் செங்கல் விலாவில் உரசியது. இருமல் வந்தது, இருமியிருக்கக் கூடாது. இரண்டு கையாலும் தகரக் கூரையின் காலைப் பிடித்துக்கொண்டு, “இதோடயா... இதோடயா இந்த மனுசன் பரோட்டா அடிச்சாரு” என்று யாரிடமோ கேட்டாள்.

அப்படியே நடந்தாள். கடைவீதி வழியாக, வலது பக்கம் ஒடிந்து, ஓரடிக்கு ஒரு மூச்சு வைத்து, பெரிய ஆள் செருப்பு டப் டப் என்று அடிக்க. டீக்கடை வாசலில் சுப்புக்காளை, “என்ன தங்கச்சி, மாஸ்டர் செருப்பப் போட்டு பரோட்டா வீசப் போறியா?” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பிறகு எட்டின தூரத்தில் பின்னாலேயே வந்தார்.

டாக்டர் அறை வாசலில் நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள். “போர்டு தெரியல? கழட்டு.”

“கழட்டுனா வலி போயிரும்.”

“வலி போனா நல்லதுதான?” என்றாள் நர்ஸ்.

சத்தம் கேட்டு எபனேசர் வெளியே வந்தார். அவருக்கு எல்லாம் தெரியும், ஊரில் யாருக்குத்தான் தெரியாது. தெரிந்தும் தெரியாத மாதிரி நடந்துகொள்வதற்கு அவர் நிறையப் பாடுபட்டிருந்தார். அந்தச் செருப்பு நிலைப்படி தாண்டினால் ஊசி கேட்டது என்று ஆகிவிடும். மேடை, மைக், முள்ளம்பன்றி எல்லாம் அவர் கண்ணில் வந்து போனதை அவள் பார்த்தாள்.

“ஏம்மா, செருப்புல வலி இருக்குன்னு நீயுமா நம்புற?”

“நான் நம்பலய்யா. எனக்கு வலிக்குது.”

“இதெல்லாம் மனசு.”

“மனசா இருந்தா எம் மனசு ஏன்யா சரியா வலது விலாவுல வந்து ஒக்காரணும்? அமுக்கிப் பாருங்க. கழட்டச் சொல்லிட்டு ஒருதரம், போடச் சொல்லிட்டு ஒருதரம்.”

டாக்டர் அமுக்கினார். கழற்றி நின்றபோது அவள் கல்தூண் மாதிரி நின்றாள். மாட்டியதும் அவர் விரல் விலாவைத் தொட்ட மாத்திரத்தில் அவள் போட்ட சத்தத்துக்கு வாசல் வேம்பில் இருந்த காக்கை அத்தனையும் எழும்பின. கண்ணைத் திருப்பிக்கொண்டு கழற்றச் சொன்னார், மாட்டச் சொன்னார், மறுபடி கழற்றச் சொன்னார்.

“மூச்சு இழுத்தா?”

“கூடுது.”

“தோளு?”

“இங்கேருந்து ஏறித் தோளுக்குப் போகுது. தோள்ல இருந்து இங்க வரல.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடைக் குரலெல்லாம் போய்ச் சின்னக் குரலாக, “ஈரல்ல சீழ்க் கட்டி” என்றார். “தோள் வலியே இல்ல அது. நான் அன்னைக்கே... அவன் சிரிச்சாம்மா. அமுக்க அமுக்கச் சிரிச்சான்.” பிறகு, “உடஞ்சதுன்னா வயித்துக்குள்ள பரவிரும். இன்னைக்கே பெரியாஸ்பத்திரி போகணும். கூட்டிட்டு வா” என்றார்.

கொண்டல்சாமி வர மாட்டேன் என்றார்.

மதியம், கடையில் இலை போட்டிருந்த நேரம். கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, எலும்பு தெரிகிற கையால் மாவை உருட்டிக்கொண்டே, “வலியில்லாமத் தூங்கிப் பழகிட்டேன் சீனி. கத்தி வைப்பானுக. திரும்ப அதப் போடச் சொல்லுவானுக. என்னால ஆகாது” என்றார்.

அவள் கல்லுக்கு எதிரே வந்து நின்றாள். அவர் அப்போதுதான் கீழே பார்த்தார்.

“ஏட்டி! அது என் செருப்பு.”

“ஆமா.”

“கழட்டு அத.”

“மாட்டேன்.”

“கிறுக்கு முண்ட, அது எனக்குள்ளதுட்டி! நீ எதுக்கு அதப் போட்ட? கழட்டுன்னா கழட்டு!” என்று கரண்டியை வீசிவிட்டு ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்து செருப்பைப் பிடுங்கினார். அவள் விரலை இறுக்கி வாரைக் கவ்விக்கொண்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கல்லில் ஒரு பரோட்டா கருகியது. அந்தக் கடையில் அதற்கு முன்னால் அப்படி ஒரு வாசனை வந்ததில்லை.

“நீங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும் இத நான்தான் போடுவேன். குளிக்கும்போதும் போடுவேன், தூங்கும்போதும் போடுவேன்” என்றாள், மூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லாக.

கொண்டல்சாமி அழுதார். அவர் அழுகிறவர் இல்லை. “ஒத்தச் செருப்பாவது குடு” என்றார்.

அப்படித்தான் போனார்கள். வலது செருப்பு அவருக்கு, இடது செருப்பு அவளுக்கு, வலியும் ஆளுக்குப் பாதி. சுப்புக்காளை பிடித்துவந்த வேனில் ஒரே சீட்டில் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ‘ஸ்ஸ்’ என்றார்கள். எபனேசர் முன்சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். கடைசி நேரத்தில் ஓடிவந்து ஏறிய தவசிமுத்து பின்னால் தரையில் குந்தியிருந்தான்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலுக்குள் ஒரு தேங்காய் அளவுக்குச் சீழ், உடையப் பார்க்கிற நிலையில். நீள ஊசியைச் செருகி உறிஞ்சி எடுக்க வேண்டும் என்றார்கள்.

“கடைசியில ஊசிதானா” என்று கொண்டல்சாமி சிரித்தார். தவசிமுத்துவும் எபனேசரும் சிரிக்கவில்லை.

அந்த அறைக்கும் செருப்போடு போகக் கூடாது. கொண்டல்சாமி வாசலில் வலது செருப்பைக் கழற்றி விட்டார். அவருடைய முகம் விளக்குப் போட்ட மாதிரி தெளிந்தது. சீனியம்மாள் குனிந்து அதையும் எடுத்து மாட்டிக்கொண்டாள். முழு வலியும் அவளுக்கு வந்தது. கதவு சாத்திக்கொண்டது. பெஞ்சில் ஒருபக்கம் டாக்டர், ஒருபக்கம் ஹீலர், நடுவில் அவள்.

“மைனி, அத எங்கிட்டக் குடுங்க. நான் போட்டுக்கிறேன். என்னால வந்தது” என்றான் தவசிமுத்து.

“வேண்டாம். ஒங்களுக்கு அது கூடுதா கொறையுதான்னு தெரியாது. எனக்கு இப்ப பழக்கமாயிருச்சு.”

எபனேசர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு, “போட்டுட்டாங்க” என்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஊசி இறங்கியது அவளுக்குத்தான் தெரிந்தது. உள்ளே படுத்திருந்தவரிடம் ‘வலிக்குதா’ என்று கேட்டதும், அவர் ‘இல்லவே இல்ல’ என்றதும் லேசாகக் கேட்டது. செங்கல் அசைந்தது. விளிம்பு கரைந்தது. சூடு இறங்கியது, தோள் விட்டது, விலா விட்டது. அவள் மெல்ல மெல்ல நிமிர்ந்தாள். நிமிர நிமிரத் தவசிமுத்துவின் முகம் மலர்ந்தது.

பிறகு சட்டென்று ஒன்றுமே இல்லை.

“போயிருச்சா மைனி?”

“போயிருச்சு.”

“சுத்தமாவா?”

“சுத்தமா.”

“நல்லதுதான!” என்று துள்ளியவன், அவள் முகத்தைப் பார்த்து நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“ஐயா. செத்தவங்களுக்கும் வலிக்காதுல்லா?”

எபனேசர் கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றிருந்தது. யாரோ வேகமாக நடந்தார்கள், எதையோ உருட்டினார்கள், மறுபடி சத்தமில்லை. அவர் கதவைத் தட்டக் கையைத் தூக்கி, தட்டாமல் வைத்திருந்தார். தவசிமுத்து சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தே விட்டான்.

சீனியம்மாள் எழுந்து நின்றாள். இரண்டு காலையும் செருப்புக்குள் இன்னும் முன்னுக்குத் தள்ளினாள், விரல் நுனி வாரைக் கிழிக்கிற அளவுக்கு. ஊன்றி ஊன்றி மிதித்தாள். இருமிப் பார்த்தாள். காலையில் அவளை இரண்டாக மடக்கிப்போட்ட அந்த இருமல், இப்போது வெறும் இருமலாக வந்து போனது. மூச்சை ஆழமாக, இன்னும் ஆழமாக இழுத்தாள், அடிக் கிணற்றில் கடைசித் தண்ணீருக்கு வாளியை விடுகிறவள் மாதிரி. வந்திரு, என்றாள் மனசுக்குள். கொஞ்சூண்டு போதும், ஒரு முள்ளளவு போதும், வந்திரு தாயி. வலியைத் தாயி என்று கூப்பிட்டவள் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வந்தது.

வலது விலாவுக்கு அடியில், ஊசி போய்வந்த இடத்தில், புதுசாக, குருவி கொத்தினது போலச் சின்னதாக ஒன்று. ஒருதரம் கொத்திவிட்டு நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மறுபடி கொத்தியது.

“வலிக்குது” என்றாள்.

தவசிமுத்து பதறி எழுந்து, பழக்க தோஷத்தில் சட்டைப் பையில் ஊசியைத் தேடினான்.

“ஒக்காருங்க” என்றாள் சீனியம்மாள், கண்ணைத் துடைக்காமல். “நல்லா வலிக்கட்டும்.”